சொல்லடைவு போல ஒரு சேமிப்பு

ஜாவா நிரலாளர்கள் ‘சார்ட்டட்செட்மல்டிமேப்’ என்று சொல்லும் சேமிப்பமைப்பில் ஒரு சாவிக்கு எத்தனை மதிப்புகள் வேண்டுமானாலும் இருக்கலாம். அவை எப்போதும் வரிசையாக நிற்கும். ஒரே மதிப்பு இரண்டு முறை இடம்பெறாது. நூல்களின் கடைசியில் வரும் சொல்லடைவுதான் இதற்கு நெருங்கிய உறவு. ‘நெல்’ என்ற சொல்லுக்கு எதிரே 12, 47, 103 என்று பக்க எண்கள் ஏறுவரிசையில் இருக்கும். 47-ஆம் பக்கத்தில் நெல் ஐந்து தடவை வந்திருந்தாலும் அடைவில் 47 ஒரு தடவைதான். இங்கே சொல் சாவி, பக்க எண் மதிப்பு.

ஜாவாவோடு வரும் சாதாரண ‘மேப்’புக்கு இது கைவராது. அதில் ஒரு சாவிக்கு ஒரே மதிப்பு. இரண்டாவதைப் போட்டால் முதலாவது அழிந்துவிடும். அதனால் மேப்புக்குள் ஒரு தொகுப்பை வைத்து, ஒவ்வொரு முறையும் ‘இந்தச் சாவிக்குத் தொகுப்பு உண்டா, இல்லையென்றால் புதிதாக உருவாக்கு’ என்று நிரலாளரே எழுதிக்கொண்டிருந்தார். சலிப்பான வேலை, சலிப்பான வேலையில்தான் பிழை நுழையும். கூகுளின் ‘குவாவா’ நூலகம் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது. குவாவாவின் முன்னோடி, 2009 இறுதியில் 1.0 பதிப்பை எட்டிய ‘கூகுள் கலெக்‌ஷன்ஸ்’. சார்ட்டட்செட்மல்டிமேப் குவாவாவில் ஓர் இடைமுகம்; அதை நிறைவேற்றிக் காட்டும் வகுப்பு ‘ட்ரீமல்டிமேப்’.

இல்லாத சாவியைக் கேட்டால் அது வெற்றுக் குறியான ‘நல்’லைத் தருவதில்லை, காலித் தொகுப்பு ஒன்றைத் தரும். ஏற்கெனவே இருக்கும் சாவி–மதிப்பு இணையை மறுபடி போட்டால் பிழை எழுப்பாது, ‘சேரவில்லை’ என்று மட்டும் பதில் சொல்லும். ஒரு சாவியின் கடைசி மதிப்பையும் நீக்கிவிட்டால் சாவியும் மறைந்துவிடும். அளவு கேட்டால் சாவிகளை அல்ல, சாவி–மதிப்பு இணைகளையே எண்ணும். புதிதாகப் பழகுவோர் இங்கே தடுமாறுவதுண்டு. ஒரு சாவிக்காகக் கையில் கிடைக்கும் தொகுப்பு நகல் அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அதில் ஒன்றைச் சேர்த்தால் மூலத்திலும் சேர்ந்துவிடும்.

ட்ரீமல்டிமேப்பின் உள்ளே இருப்பது சிவப்பு–கருப்பு மரம். ருடால்ஃப் பேயர் 1972-இல் இதன் அடிப்படையை வகுத்தார். லியோனிடாஸ் கிபாஸும் ராபர்ட் செட்ஜ்விக்கும் 1978-இல் இந்தப் பெயரைத் தந்தார்கள். ஒரு பக்கம் கனத்துச் சாயாமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் மரம் இது. பத்து லட்சம் மதிப்புகள் இருந்தாலும் ஒன்றைத் தேட 20 ஒப்பீடுகள் அளவில் போதும். எவ்வளவு மோசமானாலும் 40-ஐத் தாண்டாது.

ஒவ்வொரு கிளையிலும் மரம் கேட்பது ‘இது பெரியதா, சிறியதா?’ என்ற ஒரே கேள்வியைத்தான். இரண்டும் இல்லை என்று விடை வந்தால் ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடும். வரிசையையும் தனித்தன்மையையும் ஒரே விதி தீர்மானிப்பதில்தான் இந்த அமைப்பின் அழகும் ஆபத்தும் இருக்கின்றன. பள்ளி வகுப்பைச் சாவியாகவும் மாணவர்களை மதிப்பாகவும் வைத்து, ‘மதிப்பெண்படி வரிசைப்படுத்து’ என்று மட்டும் விதி கொடுத்துப் பாருங்கள். 87 எடுத்த இருவரில் முதலில் வந்தவர் மட்டும் உள்ளே இருப்பார். மற்றவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மதிப்பெண் ஒன்றானால் பதிவு எண்ணைப் பார் என்று விதியை நீட்டினால்தான் இருவரும் மிஞ்சுவர். உள்ளே போன பிறகு ஒருவரின் மதிப்பெண்ணைத் திருத்துவதும் வம்புதான்: மரம் அவரைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் தேடும்.

சொல்லடைவின் பக்க எண்களை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகச் சேமித்தால் 10 வந்த பிறகே 9 வரும். தமிழ்ச் சொற்களில் இன்னொரு சிக்கல். ஜாவா தன் போக்கில் சரங்களை யூனிகோடு எண்படி வரிசைப்படுத்தும். யூனிகோடில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்தே இருப்பதால் மனம், மரம், மழை என்று வரிசை அமையும். தமிழ் அகராதி வரிசையோ மரம், மழை, மனம். தமிழ் அடைவு வேண்டுவோர் அதற்கான ஒப்பீட்டு விதியைத் தாங்களே கொடுக்க வேண்டும்.

ட்ரீமல்டிமேப்பில் சாவிகளும் வரிசையாகவே இருக்கும். சாவிகளின் வரிசை தேவையில்லை, மதிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தால் போதும் என்றால் குவாவாவின் ‘மல்டிமேப்பில்டர்’ கொண்டு அப்படியும் அமைக்கலாம். ஒரே நேரத்தில் பல இழைகள் எழுதும் நிரலில் எதையும் வெறுமனே விட முடியாது. பூட்டுப் போட்ட உறை ஒன்றையும் அதே நூலகம் தருகிறது.