ரெண்டு பேருக்குன்னே ஒரு ‘நாம்’: ஆங்கிலம் ஸ்லோவீனுக்குப் போகும்போது

‘யூ ஹேவ் டூ மெசேஜஸ்.’

இந்த ஒரு வரியைத் தமிழாக்க நமக்குப் பத்து செகண்ட் போதும். ‘உங்களுக்கு 2 செய்திகள் வந்துள்ளன.’ முடிஞ்சுது வேலை. இதையே ஸ்லோவீன் மொழிக்கு மாத்தணும்னா, மொழிபெயர்ப்பவர் ஒரு கேள்வி கேட்டுத்தான் ஆகணும்: ‘அந்த இடத்துல எப்பவும் ரெண்டுதானா, இல்ல நம்பர் மாறுமா?’ காரணம், நம்பர் மாறினா வார்த்தையே மாறிடும்.

ஸ்லோவீன் என்பது ஸ்லோவேனியா நாட்டு மொழி. இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோஷியா நான்குக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடு. 1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. மக்கள்தொகை சுமார் 21 லட்சம்தான். ரஷ்யன், போலிஷ் மாதிரி இதுவும் ஸ்லாவிய மொழிக் குடும்பம். இதில் முதல் புத்தகங்கள் அச்சானது 1550-ல். எழுதியவர் பிரிமோஷ் ட்ரூபார் என்ற மதபோதகர்.

சரி, ஆங்கிலத்தில் சாதாரணமா இருக்கிற வார்த்தைகள் அங்கே போனா என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு

நமக்கு ஒருமை, பன்மை ரெண்டே ரெண்டுதான். ஸ்லோவீனில் நடுவில் இன்னொன்று உண்டு: இருமை. சரியாக ரெண்டு இருந்தால் மட்டும் வரும் வடிவம். சமஸ்கிருதத்தில் இருக்கும் துவிவசனம் ஞாபகம் இருக்கா? அதே சமாசாரம்தான். அது இங்கே இன்னும் தினசரிப் பேச்சில் உயிரோடு இருக்கு.

‘செய்தி’ என்பதற்கு ஸ்லோவீன் சொல் ‘ஸ்பொரோச்சீலோ’. அது எண்ணோடு சேரும்போது இப்படி மாறும்:

1 ஸ்பொரோச்சீலோ
2 ஸ்பொரோச்சீலி
3, 4 ஸ்பொரோச்சீலா
5 முதல் ஸ்பொரோச்சீல்

அதோட முடியல. 101 வந்தால் மறுபடி ‘ஸ்பொரோச்சீலோ’. 102 வந்தால் மறுபடி ‘ஸ்பொரோச்சீலி’. அதாவது எண்ணை 100-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கணும். மீதி 1, மீதி 2, மீதி 3 அல்லது 4, மற்றவை என்று நான்கு கேஸ். குனூ கெட்டெக்ஸ்ட் கையேட்டில் நான்கு பன்மை வடிவத்துக்கு உதாரணமாகக் கொடுத்திருப்பதே ஸ்லோவீன்தான்.

இப்ப நம்ம மினி ப்ராஜெக்ட் கோடை யோசிங்க. எண் 1-ஆ இருந்தா ‘மெசேஜ்’, இல்லைன்னா கடைசியில் ஒரு ‘எஸ்’ ஒட்டு. ரெண்டே வரி இஃப்-எல்ஸ். அந்த ரெண்டு வரி ஆங்கில இலக்கணத்தை உலக விதியா நினைச்சு எழுதினது. ஸ்லோவேனியாவில் அந்த ஆப் முதல் நாளே தப்புத்தப்பா பேசும்.

நாம் யார்? நீ யார்? நான் யார்?

‘வீ’ என்ற சொல்லைத் தமிழில் கொண்டுவர நாம் ஒரு கேள்வி கேட்போம்: எதிரில் இருப்பவரும் சேர்த்தியா? சேர்த்தின்னா நாம், இல்லைன்னா நாங்கள். ஸ்லோவீனுக்கு இந்தக் கவலை கிடையாது. அதன் கேள்வி வேற: மொத்தம் ரெண்டு பேரா, அதுக்கு மேலயா? ரெண்டு பேர்னா ‘மிட்வா’. அதுக்கு மேலன்னா ‘மி’. ரெண்டு பேரும் பெண்கள்னா ‘மிட்வே’. ‘போலாமா’ன்னு ஒரே ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிட்டா ‘க்ரேவா’, கும்பலைக் கூப்பிட்டா ‘க்ரேமோ’. படத்துக்கு எத்தனை டிக்கெட் போடணும்னு வினைச்சொல்லே கொஞ்சம் சொல்லிடும்!

‘யூ’ விஷயத்தில் அவங்களும் நாமும் ஒரே கட்சி. நண்பனுக்கு ‘தி’, பெரியவருக்கு ‘வி’. அந்த ‘வி’ பன்மை வடிவம்தான், நம்ம ‘நீங்கள்’ மாதிரியே. ‘ஹவ் ஆர் யூ’ என்பது நண்பனிடம் ‘காகோ சி?’, பேராசிரியரிடம் ‘காகோ ஸ்தே?’. மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘ஐ’ விஷயத்தில்தான் நமக்கும் புதுசு. தமிழில் ‘நான் களைச்சுப் போயிட்டேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ஸ்லோவீனில் ஆண் சொன்னால் ‘உத்ருயென் செம்’, பெண் சொன்னால் ‘உத்ருயேனா செம்’. ‘ஐ லவ் யூ’வும் தப்பாது. வீட்டாரிடமும் நெருங்கியவர்களிடமும் சொல்லும் அன்பு வார்த்தை, ஆண் சொன்னால் ‘ராத் தே இமாம்’, பெண் சொன்னால் ‘ராதா தே இமாம்’. (ராதா யாருன்னு கேக்காதீங்க, அது பெண்பால் விகுதி!) காதலுக்கென்றே ‘லியூபிம் தே’ என்று தனியாக இன்னொன்று இருக்கு. ஆங்கில சப்டைட்டில் ஃபைலில் வெறும் ‘ஐ லவ் யூ’ என்று இருந்தால், சொல்வது யார், யாரிடம், என்ன உறவு என்று படத்தைப் பார்க்காமல் ஸ்லோவீனில் எழுதவே முடியாது.

‘எனக்கு’ என்று தொடங்கும் மொழிகள்

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ‘ஐ லைக் இட்’ என்பதில் ‘ஐ’தான் எழுவாய். தமிழில் ‘நான் பிடிக்கிறேன்’ என்று சொன்னால் திருடனைப் பிடிக்கிற மாதிரி ஆயிடும். ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்போம், நான்காம் வேற்றுமையில். ஸ்லோவீனிலும் அப்படியேதான்: ‘உஷேச் மி யே’. அந்த ‘மி’க்கு அர்த்தம் ‘எனக்கு’. ‘ஐ ஆம் சாரி’ என்பது ‘ஷால் மி யே’, எனக்கு வருத்தமா இருக்கு.

செமஸ்டர் லீவு முடிஞ்சு வரும்போது நாம் சொல்வோமே, ‘படிக்க மனசே வரல’ன்னு, அதுக்கும் ஒரு வாக்கியம் உண்டு: ‘நே தா சே மி உச்சித்தி’. சோம்பலை நான் செய்யவில்லை, அது எனக்கு நடக்கிறது என்ற தொனி. எவ்வளவு வசதி பாருங்க!

பறவை, ஈ, மாங்காய்

மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்ற முடியாது என்பது பழைய பாடம். மாற்றாக அங்கே என்ன நிற்கிறது என்பதுதான் சுவாரசியம்.

ஆங்கிலத்தில் ஒரே கல்லில் ரெண்டு பறவையைக் கொல்வார்கள். ஸ்லோவீனில் ஒரே அடியில் ரெண்டு ஈ. நாம் யாரையும் கொல்வதில்லை, மாங்காயோடு சரி. ரொம்ப ஈஸி என்பதற்கு ஆங்கிலத்தில் கேக் துண்டு, அங்கே ‘மாலா மாலிட்சா’, அதாவது சின்ன நொறுக்குத்தீனி, இங்கே அல்வா சாப்பிடுற மாதிரி. ஒண்ணுமே புரியலைன்னா ஆங்கிலேயருக்கு அது கிரேக்கம், ஸ்லோவேனியருக்கு அது ‘ஸ்பானிய கிராமம்’. மழை கொட்டினால் ஆங்கிலத்தில் பூனையும் நாயும் விழும், அங்கே மரத்தொட்டியிலிருந்து ஊற்றும்.

ஒருத்தரைப் பத்திப் பேசும்போதே அவர் வந்து நின்றால் ஆங்கிலத்தில் சாத்தான் வரும். ஸ்லோவீனில் ‘நாம் ஓநாயைப் பற்றிப் பேச, காட்டிலிருந்து ஓநாய்’ என்பார்கள். நாம் ‘நூறு ஆயுசு’ என்போம். இடம் ஒன்றுதான், தொனி வேற. சாத்தானையும் ஓநாயையும் கிண்டலாகச் சொல்லலாம். நாம் சொல்வது வாழ்த்து. பிடிக்காத ஆள் வரும்போது ‘நூறு ஆயுசு’ என்று மொழிபெயர்த்தால் காட்சி கெட்டுப்போகும்.

மெல்லிய திட்டுக்கும் ஒரு அழகு உண்டு. ‘டேம் இட்’ என்று வரும் இடத்தில் நாசூக்கான ஸ்லோவேனியர் ‘முந்நூறு சடைக் கரடிகளே!’ என்று கத்தலாம். நாட்டில் பாதிக்கும் மேல் காடு, அதில் நிஜமாகவே கரடிகள் இருக்கு.

கோழி கிளறும் பிரவுசர்

கணினிச் சொற்களை அவர்கள் எப்படிச் செய்தார்கள்? கம்ப்யூட்டர் ‘ராச்சுனால்னிக்’, கணக்கிடுதல் என்ற வேரிலிருந்து, நம்ம ‘கணினி’ மாதிரியே. மவுஸ் ‘மிஷ்கா’, குட்டி எலி. பிரவுசர் ‘பிர்ஸ்கால்னிக்’. கோழி மண்ணைக் கிளறித் தேடுமே, அந்த வினைச்சொல்லிலிருந்து வந்தது. இணையத்தில் நாம் செய்வதும் அதுதானே! மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழி ‘ஆஃப்னா’, குரங்கு என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து.

பேஸ்புக் ‘லைக்’குக்கு அவர்கள் பிடித்த சொல் ‘உஷேச்செக்’. மேலே பார்த்த ‘உஷேச் மி யே’யில் இருக்கும் அதே ‘உஷேச்’. தினம் வாயில் புழங்கும் சொல்லிலிருந்து செய்ததால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாச் சொல்லும் இப்படி ஒரேயடியாக நிலைத்துவிடவில்லை. செல்ஃபிக்கு ‘தன்னை’ என்ற சொல்லிலிருந்து ‘செபெக்’ செய்தார்கள், ஆனால் ‘செல்ஃபி’யும் கூடவே புழங்குது. தகவல்தொழில்நுட்பச் சொற்களுக்கென்றே ‘இஸ்லோவார்’ என்ற இணைய அகராதி அங்கே உண்டு.

நடுவில் ஒரு ஆங்கிலம்

கடைசியாக நம் துறைக்கு வருவோம். பல மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் ரெண்டு சின்ன மொழிகளுக்கு இடையே நேராகப் போவதில்லை. நடுவில் ஆங்கிலத்தை வைத்துத்தான் போகும். ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று மரியாதையோடு கேட்கிறோம். அது ‘ஹவ் ஆர் யூ’ ஆகிறது. அங்கிருந்து ‘காகோ சி?’ ஆகிவிடலாம், அதாவது ‘எப்படிடா இருக்கே?’. நம்மிடமும் மரியாதைப் பன்மை இருக்கு, அவர்களிடமும் இருக்கு, நடுவில் நின்றவரிடம் இல்லை. இருமைக்கும் இதே கதிதான். ‘நாம ரெண்டு பேரும்’ என்பதைச் சுருக்கி ‘வீ’ என்று நடுவில் எழுதினால், ‘மிட்வா’ வர வழியே இல்லை.

அதனால் அடுத்த தடவை ஒரு ஆப்புக்கு வாக்கியம் எழுதும்போது மூணு விஷயம் செய்யுங்க. பன்மைக்கு நீங்களே ‘எஸ்’ ஒட்டாமல், அதற்கென்று இருக்கும் லைப்ரரி ஃபங்ஷனைப் பயன்படுத்துங்க. துண்டு துண்டா ஒட்டாமல் முழு வாக்கியத்தையே மொழிபெயர்க்கக் கொடுங்க. யார் யாரிடம் சொல்வது என்று பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுதுங்க. அந்த ஒரு வரி இல்லைன்னா, அங்கே லியூப்லியானாவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். அதே ஃபைலைத் தமிழுக்கு மாத்தப்போகும் நம்ம ஆளும் ‘நீ’யா ‘நீங்க’ளான்னு ஊகிக்கத்தான் வேண்டும்.