ஜானிஸ்–ஃபெஷ்பாக் ஆய்வு

ஜானிஸ்–ஃபெஷ்பாக் ஆய்வு என்பது, அச்சமூட்டும் அறிவுரை மக்களின் பழக்கத்தை மாற்றுமா என்பதை அறிய, பல் நலத்தைப் பொருளாகக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் உளவியல் ஆய்வாகும். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்விங் ஜானிஸ், சீமோர் ஃபெஷ்பாக் ஆகியோர் இதனை 1953 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அச்சமும் நடத்தை மாற்றமும் குறித்த ஆய்வுகளுள் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஆய்வு முறை

ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் 200 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மூன்று குழுக்களுக்குப் பல் நலம் பற்றிய 15 நிமிடப் படவிளக்க உரை வழங்கப்பட்டது. பல் துலக்கும் முறை குறித்த அறிவுரை மூன்றிலும் ஒன்றே. அச்சத்தின் அளவு மட்டுமே வேறுபட்டது. மிகுந்த அச்சமூட்டிய உரையில் சிதைந்த பற்கள், வாய்ப்புண்கள் ஆகியவற்றின் படங்கள் காட்டப்பட்டு, "இது உங்களுக்கும் நேரலாம்" என்ற வகையில் எச்சரிக்கப்பட்டது. குறைந்த அச்சமூட்டிய உரையில் எக்ஸ் கதிர்ப் படங்களும் நலமான பற்களின் படங்களும் இடம்பெற்றன. நான்காவது குழுவினர் கண்ணைப் பற்றிய உரையைக் கேட்டனர்.

முடிவுகள்

உரை முடிந்தவுடன் மிகுந்த அச்சமூட்டப்பட்டோரே அதிகம் கவலையுற்றனர். ஆனால் ஒரு வாரத்திற்குப் பின், அறிவுரையைப் பின்பற்றுவதில் ஏற்பட்ட நிகர மாற்றம் பின்வருமாறு அமைந்தது:

* மிகுந்த அச்சம் - 8%
* நடுத்தர அச்சம் - 22%
* குறைந்த அச்சம் - 36%
* கண் பற்றிய உரை - 0%

அச்சம் மிகுந்து, அது தணிய வழி கிடைக்காதபோது, மனம் அச்செய்தியையே புறக்கணிக்க முற்படும் என ஆய்வாளர்கள் விளக்கினர்.

பிற்கால ஆய்வுகள்

இம்முடிவு பொதுவிதியாக நிலைபெறவில்லை. அச்சம் கூடுதலாக இருப்பின் இணங்குதலும் கூடுகிறது எனப் பல பிற்கால ஆய்வுகள் காட்டின. தீங்கைத் தவிர்க்கும் வழி பயன் தரும், அதனைத் தன்னால் செய்ய இயலும் என்னும் நம்பிக்கை இன்றியமையாதது என்பதை ரொனால்ட் ரோஜர்ஸ் 1975 இல் முன்வைத்த காப்பு ஊக்கக் கோட்பாடும், அதன் பின்னர் ஏற்பட்ட அதன் விரிவாக்கமும் வலியுறுத்தின.

மற்றொரு குறைபாடு அளவீட்டைச் சார்ந்தது. 1953 ஆய்வு மாணவர் தாமே கூறிய விடைகளை நம்பியிருந்தது. ரிச்சர்ட் எவன்ஸ் குழுவினர் 1970 இல் வெளியிட்ட ஆய்வில், பற்களில் படிந்த அழுக்கைச் சாயத்தின் மூலம் வெளிப்படுத்தி அளந்தனர். மாணவர் கூறியதும் பற்கள் காட்டியதும் ஒத்திருக்கவில்லை.