வறிய பள்ளியும் புதிய கதைநூலும்

தொடக்கப் பள்ளி மாணாக்கன் வாசிப்பில் ஏறவேண்டிய படிகள் மூன்று. படநூல் முதற்படி, நெடுங்கதை மூன்றாம் படி. சிறு அத்தியாயங்களாய் வகுக்கப்பட்டு, ஆங்காங்கே படங்களுடன் அமைந்த கதைநூலே இடைப்படியாகும். ஓர் அத்தியாயத்தை முடித்த பிள்ளை அடுத்ததை நாடும்; இங்ஙனம் நீண்ட வாசிப்பு வழக்கமாகின்றது.

அமெரிக்காவின் வறிய பகுதிகளில் இவ்விடைப்படி எளிதிற் கிட்டுவதில்லை. பிலடெல்பியா நகரின் வறிய பகுதிகளையும் நடுத்தர வகுப்பினர் வாழும் பகுதிகளையும் ஒப்பிட்டு நியூமன், செலானோ என்போர் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, முன்னவற்றிற் கடைகளிலும் பள்ளிகளிலும் சிறுவர் நூல்கள் மிகக் குறைவு எனக் காட்டிற்று. பிள்ளைகளின் ஆற்றற் குறைவு எனக் கருதப்படுவது பலவிடத்து நூற்குறைவேயாம்.

1966 ஆம் ஆண்டில் வாஷிங்டனில் மார்கரெட் மக்னமாரா தொடங்கிய இயக்கம், பிள்ளை தானே தெரிந்தெடுத்த நூலை அதற்கே உரிமையாக்கிற்று. அவ்வியக்கம் பெற்றுவந்த நடுவணரசு நிதி 2011 இல் நிறுத்தப்பட்டது. நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதி ஆசிரியர் சார்ள்ஸ் பெஸ்ட் 2000 ஆம் ஆண்டில் நிறுவிய ‘டோனர்ஸ்சூஸ்’ பிறிதொரு வழியைக் காட்டிற்று. ஆசிரியர் தமக்கு வேண்டிய நூல்களைக் குறித்து விண்ணப்பிப்பர், கொடையாளர் பொருளுதவுவர், நிறுவனம் பணத்தைக் கையளியாது நூல்களையே வாங்கி அனுப்பும்.

கிழிந்த பழம்பிரதியைக் காட்டிலும் புதுநூல் பிள்ளையை ஈர்க்கும். தானும் மதிக்கப்படுவதாக அதற்கு உணர்த்தும். ஆயினும், ஆசிரியரின் விண்ணப்பத் திறனையும் அயலாரின் இரக்கத்தையும் நம்பிய நூலடுக்கு நிலைபெறாது. பாடநூலைப் போலக் கதைநூலையும் பிள்ளையின் உரிமையாகக் கருதும் அரசே அக்குறையை முற்றும் தீர்க்கவல்லது.