‘பொன்னகரம்’ சிறுகதையில் ஆலைத் தொழிலாளி அம்மாளு: மீறலும் கடமையும்

முன்னுரை

புதுமைப்பித்தன் (1906–1948) 1934இல் மணிக்கொடி இதழில் எழுதிய ‘பொன்னகரம்’ அளவிற் சிறியது. ஆயினும் தமிழ்ச் சிறுகதை பற்றிய விவாதங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவது. அதன் தலைவி அம்மாளு, இருபது வயதை ஒட்டிய மில் கூலி. கற்பு என்னும் சமூக நெறிக்கு எதிராகக் கலகம் செய்தவளாக அவளை வாசிப்பது வழக்கம். அவள் செய்தது கலகந்தானா, கலகம் எனின் அதனைச் செய்தவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கூலி நாள்

அம்மாளுவின் கணவன் முருகேசன் குதிரை வண்டி ஓட்டுபவன். குடித்துவிட்டு வண்டியை விரட்டியதில் பலத்த அடிபட்டு வீடு வந்து சேர்கிறான். சற்றுப் பேச்சு வந்ததும் பால்கஞ்சி கேட்கிறான். அம்மாளுவுக்குக் கூலி போட இன்னும் நான்கு நாள் உண்டு, வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கச் செல்லும் அவள், நெடுநாளாகத் தன்மீது கண் வைத்திருந்த ஒருவனோடு இருளில் மறைகிறாள். கிடைத்தது முக்கால் ரூபாய்.

கற்பைப் பற்றிய சர்ச்சையில் இந்த ‘நான்கு நாள்’ கவனம் பெறுவதில்லை. கதையின் அச்சாணியோ அதுவே. அம்மாளு வேலையற்றவள் அல்லள். அவள் உழைத்த கூலி ஆலையின் கையில் இருக்கிறது. கூலி வழங்கல் சட்டம் 1936இல்தான் இயற்றப்பட்டது. அதுவும், கூலிக் காலம் ஒரு மாதத்திற்கு மேற்படலாகாது என்றும், அக்காலம் முடிந்தபின் ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலைகளில் 7 நாளுக்குள்ளும் ஏனையவற்றில் 10 நாளுக்குள்ளும் கூலி வழங்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அச்சட்டம் முன்னரே வந்திருப்பினும் அம்மாளுவின் நான்கு நாள் அதன் வரம்புக்குள் அடங்கியே இருந்திருக்கும். அதே 1936இல் இராசபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார். அந்நகரை அடுத்த சோழபுரம் போன்ற ஊர்களில் இக்கதையைப் பாடமாகப் படிப்போர்க்குச் சம்பள நாளுக்கு முந்திய வாரம் எத்தகையது என விளக்க வேண்டியதில்லை.

முக்கால் ரூபாயை அம்மாளு ‘சம்பாதித்த’தாகவே ஆசிரியர் குறிக்கிறார். ஆலைக் கூலிக்கு உரிய அதே வினை இருளில் பெற்ற காசுக்கும் இடப்பட்டுள்ளது. கதையின் மிகக் கூரிய இடம், பலரும் எடுத்துக்காட்டும் இறுதி ஏளனமன்று, இவ்வினையே எனலாம்.

கற்பின் இரு முகம்

நோயுற்ற கணவனைக் கூடையில் சுமந்து கணிகை வீட்டிற்குச் சென்ற நளாயினியை மரபு பத்தினியாகப் போற்றுகிறது. கணவன் விருப்பத்தை நிறைவேற்றுவதே அங்குக் கற்பின் அளவை. அவ்வளவையால் நோக்கின் அம்மாளுவும் நெறி வழுவாதவளே. கணவன் கேட்ட பால்கஞ்சிக்காகவே அவள் செல்கிறாள். ஒரே நெறியின் இரு கட்டளைகள் வறுமையில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அவற்றுள் ஒன்றைக் காக்க மற்றொன்றை அவள் விடுகிறாள்.

‘சாப விமோசனம்’ (1943) அகலிகையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமன் அளித்த விமோசனத்தையே அவள் மறுக்கிறாள். அது வெளிப்படையான மறுப்பு. அம்மாளுவோ எதையும் மறுத்துப் பேசுவதில்லை. கற்பைப் பற்றிப் பேசுவோரை நேரே விளித்துச் சினப்பவர் கதைசொல்லி. எனவே கலகக் குரல் அவருடையது. அதனை அம்மாளுவின் மேல் ஏற்றுவது, வேறு வழியின்றிச் செய்ததை விரும்பித் தெரிந்துகொண்டதாக மாற்றிவிடுகிறது. பாராட்டாகத் தோன்றும் இவ்வாசிப்பு அவளுக்கு இழைக்கும் அநீதி சிறிதன்று.

ஒடுக்கப்பட்ட மக்களை இழிவாகச் சித்திரிக்கிறது என்னும் எதிர்ப்பை அடுத்து, 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து ‘துன்பக்கேணி’யுடன் ‘பொன்னகர’மும் நீக்கப்பட்டது. தம் வாழ்வு பிறர் எழுத்தில் எவ்வாறு காட்டப்படுகிறது எனக் கேட்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், கதையை எதிர்த்தோரும் காத்தோரும் அம்மாளுவின் மானத்தையே அளவிடும்போது, அவளுக்கு ஆலை தரவேண்டிய நான்கு நாள் கூலி கணக்கில் வராமலே நின்றுவிடுகிறது.