நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் நட்டம் வராதா?

வில்லியனூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். அண்மையில் ஒரு மாலை கைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. ஒரு லட்ச ரூபாயை நூறு பேருக்கு ஆயிரம் ஆயிரமாப் பிரிச்சுக் கடன் கொடுப்பாங்களாம். வருசத்துக்கு நூத்துக்குப் பன்னிரண்டு வட்டி. ஒருத்தன் தராமப் போனாலும் மத்தவங்க கொடுத்துடுவாங்களாம். கணக்கு சரிதானே?" என்று கேட்டார்.

அது அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதி. எனவே சட்டென்று விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கை வாசகர்களும் என்னுடன் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். பள்ளியில் படித்த நிகழ்தகவே இதற்குப் போதும்.

வங்கி இல்லாத கடன்

வங்கியில் நாம் பணம் போடுகிறோம். வங்கி அதைப் பிறருக்குக் கடனாகக் கொடுக்கிறது. கடன் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் அந்த இழப்பை முதலில் தாங்குவது வங்கி. இந்த வங்கியை இடையிலிருந்து நீக்கிவிட்டு, பணம் வைத்திருப்பவரையும் பணம் தேவைப்படுபவரையும் இணையத்தின் வழியே நேராகச் சேர்த்து வைப்பதே 'பியர்-டு-பியர்' கடன். இதை ஒருவருக்கொருவர் கடன் முறை எனலாம். சேர்த்து வைக்கும் நிறுவனம் கட்டணம் பெறுகிறது. கடன் திரும்பாவிட்டால் இழப்பு கொடுத்தவரையே சேரும்.

பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு 'சோப்பா' என்னும் நிறுவனம் இம்முறையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 'பிராஸ்பர்' தோன்றியது. நம் நாட்டில் 2008-இல் 'ரங் தே' என்னும் அமைப்பு, நகரத்தவரின் சிறு தொகைகளைத் திரட்டிக் கிராமத்து ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடனாகக் கொடுக்கத் தொடங்கியது. வங்கிக்கு ஆகும் செலவு மிச்சமாகும். கொடுப்பவருக்கு வட்டி கூடும். வாங்குபவருக்கு வட்டி குறையும். வங்கியின் படியேற முடியாதவருக்கும் கடன் கிடைக்கும் என்றெல்லாம் அன்று பேசப்பட்டது. பணத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆபத்து கரைந்துவிடும் என்பதே இந்த நம்பிக்கைக்கு அடித்தளம்.

பிரித்துக் கொடுப்பதன் பயன்

நூறு பேரில் சராசரியாக ஐந்து பேர் ஒன்றுமே திருப்பித் தரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்தையும் ஒருவருக்கே கொடுத்தால், முழுவதும் போய்விடும் வாய்ப்பு நூற்றில் ஐந்து. நூறு பேருக்கு 1,000 ரூபாய் வீதம் கொடுத்தால் என்ன ஆகும்? ஐவர் போக, மீதி 95 பேர் ஓராண்டு முடிவில் வட்டியுடன் 1,120 ரூபாய் வீதம் தருவார்கள். வரவு 1,06,400 ரூபாய். எனவே 6,400 ரூபாய் ஆதாயம்.

ஒவ்வோர் ஆண்டும் மிகச் சரியாக ஐவரே தவறுவார்கள் என்பதில்லை. ஓர் ஆண்டு மூவர், ஓர் ஆண்டு எட்டுப் பேர் எனக் கூடியும் குறைந்தும் வரும். ஆனால் பத்துப் பேர் தவறினாலும்கூட வரவு 1,00,800 ரூபாய், முதலுக்கு மோசமில்லை. நட்டம் வரவேண்டுமானால் 11 பேராவது தவற வேண்டும். நிகழ்தகவுக் கணக்குப்படி அதற்குரிய வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். இதுவரை பெரியவரின் கணக்கு சரியே.

ஆனால் இக்கணக்கில் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. ஒருவர் தவறுவதற்கும் மற்றொருவர் தவறுவதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஒரு நாணயம் தலை விழுந்தது என்பதால் அடுத்த நாணயம் மாறுவதில்லை அன்றோ? கடன் வாங்கிய நூறு பேரும் அவ்வாறே தனித்தனி நாணயங்களாக இருக்க வேண்டும்.

ஒரே அடியில் நடந்த படை

1831-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பிராட்டன் என்னுமிடத்தில் ஒரு தொங்கு பாலம் இடிந்தது. படைவீரர்கள் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்து அதன்மேல் நடந்தபோது இது நேர்ந்தது. அதே வீரர்கள் அவரவர் போக்கில் நடந்திருந்தால், ஒருவர் கால் பதிக்கும்போது மற்றொருவர் கால் எடுப்பார். அதிர்வுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் பதிந்ததால் அதிர்வுகள் ஒன்றுசேர்ந்து வளர்ந்தன. இதற்குப் பிறகு, பாலங்களில் தாளம் கலைத்து நடக்குமாறு பிரிட்டன் படையினருக்கு ஆணையிடப்பட்டது.

கடனிலும் இப்படி நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடைபெறும். விருந்துக்கு வருபவர்கள் வைக்கும் மொய், நோட்டில் பெயருடன் எழுதி வைக்கப்படும். அவர்கள் விருந்து வைக்கும்போது அத்தொகையைச் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்யவேண்டும். இணையம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊரார் நடத்திவந்த ஒருவருக்கொருவர் கடன் இது. எல்லாரும் அறிந்த முகங்கள் என்பதால் ஏமாற்றிவிட்டு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. அவ்வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அடுத்த ஆண்டு மொய் வரவு குறைந்துபோனதாகச் செய்திகள் வந்தன. அங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. எல்லார் கையும் ஒரே நாளில் வறண்டுவிட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்கை மீண்டும் போடுவோம். பத்தாண்டுகளில் ஒன்பது நல்ல ஆண்டுகள். அவற்றில் நூற்றுக்கு இருவரே தவறுகிறார்கள். ஓர் ஆண்டு கெட்ட ஆண்டு. அதில் 32 பேர் தவறுகிறார்கள். மொத்தத்தில் சராசரி அதே ஐந்துதான். ஆனால் கெட்ட ஆண்டில் மீதி 68 பேர் தருவது 76,160 ரூபாய். நட்டம் 23,840 ரூபாய். நட்டம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாக உயர்ந்துவிட்டது. இங்கே நூறு பேருக்குப் பதில் ஆயிரம் பேருக்குப் பிரித்தாலும் பயனில்லை. ஆயிரம் பேரும் ஒரே தாளத்தில் நடக்கிறார்கள்.

முதல் ஆண்டுகளின் மயக்கம்

அப்படியானால் தொடக்கத்தில் அத்தனை நம்பிக்கை எப்படி வந்தது? அதற்கும் இதே கணக்கு விடை தருகிறது. நல்ல ஆண்டில் வரவு 1,09,760 ரூபாய். ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து ஆதாயம். முதல் ஐந்தாண்டுகளும் நல்ல ஆண்டுகளாகவே அமையும் வாய்ப்பு நூற்றில் 59. ஆகவே புதிய நிறுவனம் தன் ஐந்தாண்டு வரலாற்றை உண்மையாகவே எடுத்துக் காட்டினாலும், அதில் கெட்ட ஆண்டு இடம்பெறாமல் போகலாம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. கடன் கொடுத்த மறுநாளே யாரும் தவறுவதில்லை. சில மாதங்கள் தவணை கட்டிய பிறகே தவறுகிறார்கள். வேகமாக வளரும் நிறுவனத்தில் பெரும்பாலான கடன்கள் புதியவை. அங்கே தவறியோர் விழுக்காட்டைக் கணக்கிடுவது, குழந்தைகளே நிறைந்த ஊரில் மூட்டுவலி எத்தனை பேருக்கு என்று எண்ணுவதைப் போன்றது. வளர்ச்சி நின்றதும் உண்மை விழுக்காடு வெளிப்படும்.

நடந்ததும் அதுவே. 'பிராஸ்பர்' நிறுவனத்தில் 2006 முதல் 2008 வரை கொடுக்கப்பட்ட கடன்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு திரும்பவில்லை. 2008-இல் வந்த பொருளாதார நெருக்கடி பலரை ஒரே தாளத்தில் நடக்க வைத்தது. சீனாவில் ஆயிரக்கணக்கில் பெருகிய இத்தகைய நிறுவனங்களில் ஒன்றுகூட 2020 இறுதியில் எஞ்சவில்லை. அங்கே 'இசுபாவ்' என்னும் நிறுவனம் கடன் வாங்குவோரையே பொய்யாகக் காட்டி, சுமார் 9 லட்சம் பேரிடம் 5,000 கோடி யுவானுக்கு மேல் திரட்டியது 2016-இல் வெளிப்பட்டது. இல்லாத ஆள்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் எந்த நிகழ்தகவும் காப்பாற்றாது. முன்னோடியான 'சோப்பா'வும் வங்கி உரிமம் பெற்று, 2021 இறுதியில் இம்முறையைக் கைவிட்டது. வங்கியை நீக்க வந்த நிறுவனமே வங்கியாகிவிட்டது!

நம் நாட்டு விதிகள்

இந்திய ரிசர்வ் வங்கி 2017 அக்டோபர் 4 அன்று இத்தொழிலுக்கு விதிகளை வகுத்தது. ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் கடன் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. காலம் 36 மாதத்துக்கு மேற்படக் கூடாது என்பன அவற்றுள் சில. ஆயினும் சில நிறுவனங்கள், 'எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்ப எடுக்கலாம்' என்று விளம்பரம் செய்தன. ஈராண்டுக் கடனில் கிடக்கும் பணத்தை நாளையே தருவது எப்படி? புதிதாக ஒருவர் போட்டால்தான் பழையவர் எடுக்க முடியும். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் கதவு அடைபடும். 2024 ஆகஸ்டு 16 அன்று ரிசர்வ் வங்கி இத்தகைய ஏற்பாடுகளைத் தடை செய்தது. முதலும் வட்டியும் திரும்பாவிட்டால் அந்த இழப்பு முழுவதும் கடன் கொடுத்தவருடையதே என்றும் வலியுறுத்தியது. வங்கி வைப்புக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு அது இல்லை.

ஆகவே இவ்வழியில் பணம் போட நினைப்பவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கடன் வாங்குவோர் ஒரே ஊரினரா, ஒரே தொழிலினரா? நிறுவனம் காட்டும் கணக்கில் ஒரு கெட்ட ஆண்டாவது இருக்கிறதா? வீடு தேடிச் சென்று வசூலிப்பவர் யார்?

இக்கணக்கைப் பெரியவரிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புயல் அடிச்சா என் வீட்டு ஓடுந்தானே தம்பி போகும்? அவங்களாலே கட்ட முடியாத அன்னிக்குத்தான் எனக்கும் பணம் வேண்டியிருக்கும்" என்றார். நான் போட்ட கணக்கில் அந்த வரி இல்லை. மறுநாள் அவர் அஞ்சலகத்துக்குச் சென்றார்.