எச்.ஆர். ஜெனரலிஸ்ட் ஆகணுமா? ஒரு ராஜினாமா மெயிலைப் படிச்சுப் பாருங்க

வேலை தேடுறதைப் பத்திப் பேசினதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டு இருக்கு: "எம்.பி.ஏ. எச்.ஆர். முடிச்சிருக்கேன். எங்க போனாலும் ரெக்ரூட்டர் வேலைதான் கிடைக்குது. ஜெனரலிஸ்ட் ஆகிறது எப்படி?"

நான் கோட் எழுதுற ஆள், எச்.ஆர். கிடையாது. ஆனா இந்த வேலை எங்களுக்குப் புரியாத விஷயம் இல்ல. எங்க பக்கம் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்னு சொல்வோம்ல, முன்னாடி தெரியற பட்டன்ல இருந்து பின்னாடி இருக்கிற டேட்டாபேஸ் வரைக்கும் ஒருத்தரே பார்ப்பார். எச்.ஆர்.ல அந்த இடம்தான் ஜெனரலிஸ்ட். பெரிய கம்பெனில ஆள் எடுக்க ஒரு டீம், சம்பளம் போட ஒரு டீம், பயிற்சிக்கு ஒரு டீம்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. 80, 100 பேர் இருக்கிற கம்பெனில இது மொத்தமும் ஒருத்தர் ரெண்டு பேர் தலையில விழும்.

ஒரு மெயில், ஏழெட்டு வேலை

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துப்போம். டெஸ்டிங் டீம்ல ஒரு பொண்ணு ராஜினாமா மெயில் போடுறாங்க. அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய். கடைசி வேலை நாள் வரும்போது 4 வருஷம் 10 மாசம் முடிஞ்சிருக்கும்.

ரெக்ரூட்டர் கண்ணுக்கு இது நிரப்ப வேண்டிய ஒரு காலி இடம். ஜெனரலிஸ்டுக்கு இதுலயே ஒரு பட்டியல் ஓட ஆரம்பிச்சிடும். நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? மிச்சம் இருக்கிற லீவுக்குப் பணம் உண்டா? வருமான வரி எவ்வளவு பிடிக்கணும்? குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியோட முடியுது? பி.எஃப். போர்டல்ல வெளியேறிய தேதியைப் போடணும். அதை விட்டுட்டா அவங்க பின்னாடி பணத்தை எடுக்கப் போகும்போது மாட்டிப்பாங்க.

நேரமும் கம்மி. 2025 நவம்பர் 21ல இருந்து 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலா 4 சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கு. அதுல ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ஒருத்தர் ராஜினாமா பண்ணினாலும் சரி, நீக்கப்பட்டாலும் சரி, சம்பள பாக்கியை 2 வேலை நாளுக்குள்ள கொடுத்தாகணும். "45 நாள் கழிச்சு செட்டில் பண்றோம்"னு சொல்லிட்டு இருந்த ஆபீஸ்ல இந்தப் பழக்கத்தை மாத்த வேண்டிய ஆளும் நம்ம ஜெனரலிஸ்ட்தான்.

இனிமேதான் முக்கியமான இடம். கிராஜுவிட்டி.

75,000 ரூபாய்க் கேள்வி

நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க 5 வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்கணும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால "4 வருஷம் 10 மாசம்தானே, கிடையாது"னு ஃபைலை மூடிடுறது ரொம்ப சுலபம்.

ஆனா "தொடர்ந்து வேலை பார்த்த ஒரு வருஷம்"ங்கிறதுக்கு 1972 கிராஜுவிட்டி சட்டத்துலயே ஒரு விளக்கம் இருந்துச்சு. 12 மாசத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா அதை ஒரு வருஷமா எடுத்துக்கலாம். வாரத்துக்கு 6 நாளுக்குக் குறைவா நடக்கிற இடம்னா 190 நாளே போதும். இதை வச்சு மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம், அஞ்சாவது வருஷத்துல 240 நாளைத் தாண்டினவங்களுக்கும் கிராஜுவிட்டி உண்டுன்னு 1998ல தீர்ப்பு சொல்லியிருக்கு. எல்லாக் கம்பெனியும் இதைத் தானா ஒத்துக்காது. யாராவது ஒருத்தர் எடுத்துச் சொல்லணும்.

கணக்கு இதுதான்: கடைசிச் சம்பளத்தை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கணும். 6 மாசத்துக்கு மேல இருக்கிற மிச்சம் முழு வருஷமாகும், அதனால இங்க 5 வருஷம். 26,000 வகுத்தல் 26 = 1,000. அதை 15ஆல பெருக்கினா 15,000. அஞ்சு வருஷத்துக்கு 75,000 ரூபாய்.

அந்தப் பொண்ணுக்கு இந்தத் தீர்ப்பு தெரிஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. மேனேஜருக்கும் தெரியாது. ஜெனரலிஸ்டுக்கும் தெரியலைன்னா 75,000 ரூபாய் சத்தமே இல்லாமப் போயிடும். யாரும் திருடல, ஆனா போயிடுச்சு. இந்த வேலைக்குப் படிச்ச ஆள் ஏன் வேணும்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச நல்ல பதில் இதுதான்.

இன்னும் ஒண்ணு பாக்கி, எக்ஸிட் இன்டர்வியூ. "ஏன் போறீங்க?"னு கேட்டு ஃபார்மை நிரப்பிட்டு விட்டுடலாம். ஆனா ஆறு மாசத்துல அதே டீம்ல இருந்து போற மூணாவது ஆள் இவங்கன்னா, அது மேனேஜ்மென்ட் காதுக்குப் போக வேண்டிய தகவல். பாலியல் தொந்தரவு பத்தி ஏதாவது சொன்னாங்கன்னா விஷயமே வேற. 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதுக்கு மேல இருக்கிற எந்த இடத்துலயும் உள் புகார்க் குழு இருக்கணும். சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், விசாரணை 90 நாள்ல முடியணும். இதை அந்த நிமிஷமே பக்குவமா எடுத்துச் சொல்லத் தெரியணும்.

இந்த வேலை எங்க இருந்து வந்தது?

ஒரு காலத்துல மில்லுக்கு ஆள் எடுக்கிறது மேஸ்திரிகள் கையில இருந்துச்சு. வேலை வேணும்னா அவங்களுக்குப் பணம் அழணும். 1929ல அமைச்ச விட்லி கமிஷன், 1931ல கொடுத்த அறிக்கைல, இதை நிறுத்த ஒவ்வொரு ஆலையிலயும் தொழிலாளர் அதிகாரியைப் போடுங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு. அப்புறம் 1948 தொழிற்சாலைகள் சட்டம், 500 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்ற ஆலைல நல அதிகாரி கட்டாயம்னு சொல்லிடுச்சு. ஆக, நியாயமா நடக்குதான்னு பார்க்கிறது இந்த வேலையோட பிறவிக் குணம். பீன் பேக்கும் பர்த்டே கேக்கும் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டவை.

சரி, உள்ள போறது எப்படி?

படிப்புல எம்.பி.ஏ. ஒரு வழிதான். எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவங்களும் இந்தத் துறைல நிறைய பேர் இருக்காங்க. 1952ல இருந்து இயங்குற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கு. தொழிலாளர் மேலாண்மைக்குன்னே தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கு. வெளியூர் போக முடியும்னா ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பை டிஸ்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பேரைப் பார்க்காதீங்க, வேலையோட அகலத்தைப் பாருங்க. பெரிய கம்பெனில ரெண்டு வருஷம் இன்டர்வியூ ஷெட்யூல் பண்றதை விட, 100 பேர் இருக்கிற இடத்துல சம்பளத் தேதி நெருங்குற டென்ஷனை ரெண்டு வருஷம் பார்த்தவருக்கு அனுபவம் ஜாஸ்தி. ஒரகடம், ஓசூர், திருப்பூர் பக்கம் ஃபேக்டரி எச்.ஆர். கிடைச்சா ஒதுக்காதீங்க. ஷிஃப்ட், ஓவர்டைம், கேன்டீன், ஒப்பந்தத் தொழிலாளர், யூனியன்னு ஐ.டி. ஆபீஸ்ல பார்க்கவே முடியாத விஷயமெல்லாம் அங்க கத்துக்கலாம்.

ரெக்ரூட்டராவே மாட்டிக்கிட்டவங்களுக்கு: மாசக் கடைசில பேரோல் டீம் பக்கத்துல போய் உட்காருங்க. "ஒரு கை உதவட்டுமா?"னு கேட்டா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. எக்செல்ல பிவட் டேபிள் போடத் தெரிஞ்சா இன்னும் சந்தோஷமாக் கூப்பிடுவாங்க. நாலஞ்சு வருஷத்துல பிசினஸ் பார்ட்னராப் போகலாம், இல்ல பிடிச்ச ஒரு பிரிவுல ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம்.

கஷ்டமான பக்கத்தையும் சொல்லிடுறேன். உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது கம்பெனி. ஆள் குறைக்கிற அன்னைக்கு அந்த அறைல உட்கார்ந்து சொல்லப்போறது நீங்க. நேத்து ஒண்ணா டீ குடிச்ச ஆள்கிட்டயே சொல்ல வேண்டி வரும். முடிவு உங்க கையில இருக்காது. ஆனா அவருக்குச் சேர வேண்டிய காசும் காகிதமும் மரியாதையும் சரியாப் போய்ச் சேருதாங்கிறது உங்க கையில இருக்கும். அது போதும்னு தோணுறவங்களுக்கு இது நல்ல வேலை.

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். உங்க சம்பளச் சீட்டை எடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் அந்தத் தொகைன்னு எக்செல்ல போட்டுப் பாருங்க. பி.எஃப். 12 சதவீதம் எதோட 12 சதவீதம்? அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதியைத் தாண்டுதா? தாண்டினா, புதுச் சட்டப்படி அந்த அதிகப்படியும் ஊதியக் கணக்குல சேரும். எங்கயாவது கணக்கு இடிச்சா உங்க எச்.ஆர்.கிட்ட போய்க் கேளுங்க. அவங்க எப்படி விளக்குறாங்கன்னு கவனிச்சாலே, இந்த வேலையைப் பத்தி நான் சொன்னதை விட அதிகமாத் தெரிஞ்சுக்குவீங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.