நடப்பவருக்குப் பூஜ்யம்: ரயில் கேட் மூடும் கணக்கு

ஜொகூரின் பண்டார் தெங்காராவில் ரயிலே கிடையாது. பிறகு ஏன் அந்த ஊரிலிருந்து ரயில் கேட் பற்றி இத்தனை கடிதம் என்று ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். வரைபடத்தை விரித்தால் புரிந்துவிடும். செம்பனைக்கும் பெல்டா குடியிருப்புகளுக்கும் நடுவே கெஜோரா வளர்ச்சி வாரியம் உருவாக்கிய நகரம் அது. மேற்கே லாயாங் லாயாங்கிலோ கூலாயிலோ ரெங்கத்திலோ ஒரு காரியம் என்றால் எங்காவது ஓரிடத்தில் தண்டவாளம் குறுக்கிடும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் செய்தவர்களும் நிறைய.

2025 டிசம்பர் 12 முதல் கே.எல். சென்ட்ரலிலிருந்து ஜேபி சென்ட்ரல் வரை இ.டி.எஸ். மின்ரயில் ஓடுகிறது. அந்தத் தேதி நெருங்க நெருங்கக் கடிதங்களில் குழப்பம் கூடியது. வேலை முடிந்ததும் பழைய கேட்டைத் திறந்துவிடுவார்கள் என்று ஒருவர் எழுதுகிறார். சிங்கப்பூருக்கு ஆர்.டி.எஸ். ரயில் வருவதால்தான் கேட்டை மூடினார்கள் என்கிறார் இன்னொருவர். ‘மாற்று வழி வழங்கப்பட்டுள்ளது’ என்று அறிவிப்பில் இருக்கிறதே, அந்த வழி எங்கே என்று பலர் கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்விதான் கேள்வி. அதிகாரிகள் ‘மாற்று வழி’ என்று சொன்னால், திட்ட வரைபடத்தில் தண்டவாளத்துக்கு மேலேயோ கீழேயோ எங்கோ ஒரு கோடு போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வாசலிலிருந்து அது எவ்வளவு தூரம், அதில் நடைபாதை உண்டா, இரவில் விளக்கு எரியுமா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

கேட்டை மூடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் வழி விட்டது என்று காலை வைத்தால், அதன் பின்னால் மறைந்து எதிர்த்திசையில் அடுத்தது வரும். கெமாஸ்–ஜொகூர் பாரு பாதையில் கேட் போக வேண்டியதுதான். அது போன இடத்தில் என்ன வைக்கிறார்கள், யாரை எண்ணி வைக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எண்ணும் முறை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் நாடு இந்தியா. அங்கே ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ரயில்–வாகன அலகு என்பார்கள். ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கார், லாரி, பஸ், மாட்டு வண்டி எல்லாம் தலா ஒன்று. ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் அரை. மோட்டார் சைக்கிள் கால். நடப்பவருக்குப் பட்டியலில் இடமே இல்லை.

ஒரு கேட்டை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 20 ரயில், 40 கார் லாரி, 80 மோட்டார் சைக்கிள், 300 பாதசாரிகள். மோட்டார் சைக்கிள் எண்பதும் கால் கால் வீதம் இருபது. நாற்பதோடு சேர்த்தால் அறுபது. அறுபதை இருபதால் பெருக்கினால் 1,200. அந்த முந்நூறு பேர் வந்தாலும் 1,200, வராவிட்டாலும் 1,200. நாளைக்கே ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வாங்கி அதே வழியாகப் போனால் கணக்கு 2,700 ஆகிவிடும். ஆள் அதேதான், போகும் காரியமும் அதேதான். கீழே சக்கரம் வந்ததால் மதிப்பு வந்துவிட்டது.

இந்த எண்ணை வைத்துத்தான் பணம் நகர்கிறது. ஒரு லட்சம் அலகைத் தாண்டிய கேட்டில் மேம்பாலம் கட்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது அங்கே நெடுநாள் ஏற்பாடு. எண் சிறியதாக இருந்தால், பக்கத்துக் கேட்டோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை முதலில் எட்டிப்பார்க்கும்.

இந்தச் சூத்திரத்தில் கெட்டிக்காரத்தனமான ஒரு சுழற்சியும் இருக்கிறது. எழுதியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். ரயில் கூடினால் கேட் மூடியிருக்கும் நேரம் கூடும். காத்திருந்து சலித்த லாரிக்காரர் வேறு சாலை பிடிப்பார், கார்க்காரரும் பின்னாலேயே போவார். மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் எண்ணுவது மிச்சமிருக்கும் வண்டிகளை மட்டும்தான். கேட்டின் தொல்லையே வண்டியை விரட்டியிருக்கும். ஏட்டிலோ ‘பயன்பாடு குறைவு’ என்று பதிவாகும். வேறு சாலை பிடிக்க வண்டி இல்லாதவர்கள் அங்கேயே நிற்பார்கள், எண்ணப்படாமல்.

சரி, எண்ணி முடித்து, பணமும் ஒதுக்கியாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, கடலூருக்கு அருகே செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது; அதாவது கேட் திறந்திருந்தாலும் சிக்னல் ரயிலைத் தடுக்காது. அன்றே ரயில்வே ஓர் அறிக்கை விட்டது: அங்கே சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, முழுச் செலவும் எங்களுடையது, மாவட்ட ஆட்சியர்தான் ஓராண்டாக அனுமதி தரவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த நாளில் ஓர் அலுவலகம் இன்னொரு அலுவலகத்தை நோக்கிக் கைகாட்டியது. எது உண்மையாயினும், அந்த ஓராண்டும் வேன்கள் கேட் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

இது இந்தியாவின் வியாதி என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் மலேசிய அரசமைப்புச் சட்டத்தில் ரயில் கூட்டரசுக்கு, நிலம் மாநிலத்துக்கு. (பினாங்கு மலை ரயிலுக்கு மட்டும் ஒன்பதாம் அட்டவணை பெயர் சொல்லி விலக்குத் தந்திருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.) கேட்டை மூடும் கை ஒன்று, மாற்றுச் சாலைக்கு நிலம் தரும் கை வேறு, அந்தச் சாலையின் விளக்கையும் வடிகாலையும் பார்க்க வேண்டிய நகராண்மைக் கழகம் மூன்றாவது கை.

மேம்பாலமே கட்டித் தந்துவிட்டார்கள், இன்னும் என்ன குறை என்று கேட்பவர்கள் ஒருமுறை அதில் நடந்து பார்க்கலாம். தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. அதற்கும் மேலே பாலத்தின் தளம். சாலை ஏறத்தாழ 8 மீட்டர் உயர வேண்டும் என்றும், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம் என்றும் வைத்தால், ஒரு பக்கத்துக்கு 160 மீட்டர் சரிவு. இரண்டு பக்கமும் 320. காரில் இது கால்மிதியை அழுத்தும் வேலை. கையில் மளிகைப் பையோடு நண்பகல் வெயிலில் ஏறும் பாட்டிக்கு, முன்பு பத்து எட்டில் கடந்த இடம் இது. அதுவும் பாலத்தடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தக் கணக்கே தொடங்குகிறது.

ஆள் நடக்க மட்டும் என்றால் கீழே போவதுதான் சுருக்கம். தலை இடிக்காத உயரம் போதும். ஆனால் பள்ளம் என்றால் தண்ணீர். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் ஒரு கார் சிக்கியது. காரில் இருந்த அரசு மருத்துவரின் மாமியாரைக் காப்பாற்றிவிட்டார்கள், மருத்துவர் இறந்துபோனார். 2006–07 வெள்ளத்தில் கோத்தா திங்கி மூழ்கியதைக் கண்டவர்களுக்கு ஜொகூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கப்பாதை தருகிறோம் என்று யாராவது வந்தால், தண்ணீர் இறைக்கும் பம்ப் எங்கே, மின்சாரம் போனால் அதை யார் ஓட்டுவார் என்று முதலில் கேளுங்கள்.

பிரிட்டனில் வேறொரு அளவுகோல் இருக்கிறது. ஏற்கெனவே பயன்படுத்துபவர்களுக்கு மாற்று வழி வசதியானதாகவும் பொருத்தமானதாகவும் இருக்குமா என்று அமைச்சர் பார்க்க வேண்டும் என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான வழிகாட்டி. கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக், எசெக்ஸ் வட்டாரங்களில் நடைபாதைக் கடவைகளைக் கொத்தாக மூட ரயில் பாதை நிறுவனமான நெட்வொர்க் ரயில் கேட்டபோது பொது விசாரணை நடந்தது. நாயோடு உலாவப் போகிறவர்கள்கூட வந்து சாட்சி சொல்லலாம். சில கடவைகளை மூட அனுமதி கிடைக்கவில்லை.

தோட்டச் சடக்கு கதை தனி. ஜொகூர் ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. ரப்பர் அதன் இரு பக்கமும் வளர்ந்தது. லயம் ஒரு பக்கம், பால்மரம் மறுபக்கம் என்றால் நடுவே ஒரு கேட் வேண்டும். அந்தச் சடக்கு தோட்டத்துக்குச் சொந்தம், பொதுச்சாலை அல்ல. இப்படிப்பட்ட இடங்களுக்கு இந்தியாவின் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 16ஆம் பிரிவு, பாதையோர நிலத்தின் உரிமையாளருக்கும் அதை அனுபவிப்பவருக்கும் கடவை தரச் சொல்கிறது. மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்த குடும்பம் இதில் எந்த வகை? வேலை முடிந்து தாமானுக்குக் குடிபோன பிறகு, பழைய கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் மட்டும் வந்துபோகிறவர் எந்த வகை? நில உரிமை உள்ள கம்பெனி, லாரி போக ஒரு பாலம் கிடைத்ததும் கையெழுத்துப் போட்டுவிடும்.

மற்றக் கேள்விகள்.

பழைய கேட் மறுபடி திறக்குமா? திறக்காது.

ஆர்.டி.எஸ்.சுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இல்லை, அது புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 4 கிலோமீட்டர் தனிப்பாதை.

வேலியில் ஓட்டை இருக்கிறதே, அதில் நுழையலாமா? குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஓட்டை எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தாலே மாற்று வழி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மாடு மேய்க்கிறவர் என்ன செய்வது? எந்த அறிவிப்பிலும் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை நான் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் எப்படிச் சமாளித்தார்கள்? 2011 ஜூன் 30 இரவோடு தஞ்சோங் பகாருக்கு ரயில் போவதே நின்றது, கேட்டும் போயிற்று.

யாருக்கு எழுதுவது? வேலிக்குக் கே.டி.எம்., விளக்குக்கும் வடிகாலுக்கும் நகராண்மைக் கழகம், நிலத்துக்கு நில அலுவலகம். மூன்று பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். பழைய வழி எத்தனை மீட்டர், புது வழி எத்தனை மீட்டர், ஒரு நாளில் நடப்பவர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள்.

கிழக்குக் கரைப் பாதையில் கேட் இருக்கிறதா? கெமாசிலிருந்து தும்பாட் வரை இன்னும் இருக்கிறது.